சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

ஹட்டனில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நன்றியுரை என் தலையில்தான் விழும். தலைமையுரை, வரவேற்புரை, ஆசியுரை, சிறப்புரை என்று ஆண்கள் எல்லாவற்றையும் பங்குபோட்டுக்கொண்ட பிறகு, "பொம்பளைங்களுக்கும் ஒரு இடம் குடுக்கணுமே" என்று யாராவது பெருந்தன்மையாகச் சொல்வார். அப்போது மிஞ்சியிருப்பது நன்றியுரை ஒன்றுதான். "அத அழகம்மை அக்கா சொல்லட்டும்" என்று முடிப்பார்கள். நான் மைக்கைப் பிடிக்கும்போது பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் மஸ்கெலியா பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சுருட்டத் தொடங்கியிருப்பார். இத்தனை வருஷமாக நான் நன்றி சொன்னதெல்லாம் பிளாஸ்டிக் கதிரைகளுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வரும், ஆனாலும் அடுத்த கூட்டத்தில் போய் நிற்பேன்.

எனக்குப் பஜாரில் பாத்திரக்கடை. தோட்டத்துச் சனங்கள் கலியாணத்துக்கு அண்டா வாங்குவதும் என்னிடம்தான், ஓட்டைச் சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவதும் என்னிடம்தான். அதனால் வாய் கொஞ்சம் நீளம். எங்கள் தோழமை வட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டதற்கும் அந்த வாய்தான் காரணம் என்று தலைவர் நாகலிங்கம் ஐயா சொல்வார். கூட்டத்துக்கு வேண்டிய அண்டா, தட்டு, தேத்தண்ணி வாளி எல்லாம் சும்மா கிடைக்கிறது என்பதை அவர் சொல்லமாட்டார்.

இந்த முறை வந்தது சாதாரணக் கூட்டம் இல்லை. ஹனான் என்று ஒரு நர்ஸ். காஸாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். குண்டு விழும் இடத்தில் நோயாளிகளை எப்படிக் காப்பாற்றினார்கள், எங்கேயோ இருக்கும் நாம் அவர்களுக்காக ஏன் வாய் திறக்க வேண்டும் என்று நாடு நாடாகப் போய்ப் பேசுகிறவர். மலையகத்திலும் நாலு ஊரில் அவரைப் பேசவைக்க முடியுமா என்று கொழும்பிலிருந்து ஓர் அமைப்பு எங்களைக் கேட்டது. ஹட்டன், மஸ்கெலியா, டிக்கோயா, லிந்துலை என்று முடிவு செய்தோம்.

"நம்ம சனத்துக்கே ஆயிரம் கஷ்டம், இதுல காஸாவா? ஆள் வருமா?" என்று நாகலிங்கம் ஐயா முதல் நாளே இழுத்தார்.

அதற்குப் பதில் சொன்னது மீனம்மா. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான மேல் லயத்துப் பெண்களை ஒரு சொல்லில் கூட்டிவரக்கூடியவள். "எங்க லயத்து மேல மண்ணு சரிஞ்சப்ப யாருன்னே தெரியாதவங்கல்லாம் வந்தாங்க ஐயா. நாங்க யாரு, என்னா சாதி, என்னா சனம்னு கேட்டுட்டா வந்தாங்க? நான் ஆள் கூட்டிட்டு வாறேன், நீங்க எடத்தப் பாருங்க" என்றாள். ஐயா அப்போதே மண்டபம் தேடப் புறப்பட்டார்.

மற்ற இரண்டு பேரையும் சொல்லிவிடுகிறேன். ஷாமிலா டீச்சர் மஸ்கெலியாவில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள். ஹனான் பேசுவதைத் தமிழில் சொல்லும் பொறுப்பு அவளுடையது. நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் அவள் வீட்டில்தான் ஹனான் தங்கினார். விஜேந்திரன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேன்காரத் தம்பி. பேச்சாளரை ஏற்றுவான், கதிரை ஏற்றுவான், என் அண்டாவையும் ஏற்றுவான், எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்புத்தான்.

ஹட்டன் கூட்டம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. நாகலிங்கம் ஐயா வழக்கம்போல உலக வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கினார். ஹனான் படங்கள் காட்டிப் பேசினார், சனம் கைதட்டியது. பிறகு நான் எழுந்தேன். அவர்களும் எழுந்தார்கள், வீட்டுக்குப் போக. ஆனால் முன்வரிசையில் ஹனான் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, ஷாமிலாவைக் காதில் சொல்லவைத்து, என் நன்றியுரையைக் கடைசி வரிவரைக்கும் கேட்டார். முடிந்ததும், "ஏன் எல்லாரும் போய்விட்டார்கள்?" என்று கேட்டார்.

"பஸ்" என்றேன்.

அவர் சிரித்தார். என் நன்றியுரையை முழுசாகக் கேட்ட முதல் ஆள் என்பதால் எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

மஸ்கெலியாக் கூட்டம் சனிக்கிழமை பின்னேரம், மீனம்மா இருக்கும் தோட்டத்து மண்டபத்தில். பெண்கள் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மீனம்மா சொன்னபடியே கூட்டிவந்துவிட்டாள். கதிரை போதாமல் பலர் தரையில் உட்கார்ந்தார்கள். நாகலிங்கம் ஐயா வரலாற்றைத் தொடங்கியபோது பின்னால் போய், "ஐயா, மழைக்கு முன்ன வீட்டுக்குப் போகணும், மேல் லயத்துக்கு ஏத்தம்" என்றேன். அவர் என்னை முறைத்துவிட்டு இரண்டாம் உலகப் போரோடு நிறுத்திக்கொண்டார்.

ஹனான் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினார். மின்சாரம் இல்லாமல் பிரசவம் பார்த்ததைச் சொன்னார். ஷாமிலா அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்றோம். மீனம்மா எழுந்தாள்.

"ஒங்களுக்குப் புள்ளைங்க எத்தன?"

"தலைப்புக்குள்ள கேளுங்கம்மா" என்றார் நாகலிங்கம் ஐயா. எங்கள் பெண்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான், அதில் தலைப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது. ஷாமிலா தயங்கினாள். ஹனான் விடவில்லை, என்ன கேட்டார்கள் என்று அவளைச் சொல்லவைத்தார்.

பிறகு மைக்கைத் திரும்ப எடுத்துச் சொன்னார். "ஒரு மகள் இருந்தாள். பெயர் சல்மா. நான் வேலையில் இருந்தபோது அவளை நான் வேலை செய்த இடத்துக்கே கொண்டுவந்தார்கள். வீடும் போய்விட்டது. என் அம்மாவும், இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் அதோடு போய்விட்டார்கள். பிள்ளையை அடக்கிவிட்டு அன்றைக்கே வேலைக்குத் திரும்பிவிட்டேன், ஆட்கள் போதாது. துக்கம் கேட்க யாரும் வரவில்லை. வருவதற்கு வீடும் இல்லை, வர வேண்டியவர்களும் இல்லை."

ஷாமிலாவுக்குக் குரல் உடைந்தது, ஆனாலும் ஒரு சொல்லையும் விடாமல் சொல்லி முடித்தாள். ஹனான் அழவில்லை. தண்ணீர்க் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

மீனம்மா நின்றபடியே இருந்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பினாள், வெளியே நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்தார்கள். ஒருவரும் கை தட்டவில்லை, ஒருவரும் ஹனானைப் பார்க்கவில்லை, போகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை. ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். வாசலில் அண்டா நிறைய வடை, வாளி நிறையத் தேத்தண்ணி. அதையும் ஒரு கை தொடவில்லை. நன்றியுரைத் தாளோடு நான் மைக் முன்னால் நிற்கிறேன், எதிரே வெறும் மண்டபம். ஹட்டனிலாவது ஒலிபெருக்கிக்காரர் மிச்சம் இருப்பார்.

"என்னா டீச்சர், என்னத்த மொழிபெயர்த்தீங்க? கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி என்னமோ சொல்லியிருக்கீங்க" என்று நாகலிங்கம் ஐயா ஷாமிலாமேல் பாய்ந்தார். அந்தப் பிள்ளை விக்கி விக்கி அழுதது. "நீங்க வாய மூடுங்க ஐயா, ஒங்க இரண்டாம் உலகப் போர்ல இருந்த சனம் இப்பதான் தப்பிச்சுப் போகுது" என்றேன். அவரை விட்டாலும் மீனம்மாவை விடுவதாக எனக்கு உத்தேசம் இல்லை. கேட்கிறதையும் கேட்டுவிட்டு, வந்த விருந்தாளியை இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டா போவாள் ஒருத்தி? என் உடம்பெல்லாம் கொதித்தது.

நாங்கள் ஷாமிலா வீட்டுக்குத் திரும்பினோம். ஹனான் ஜன்னலோரம் உட்கார்ந்து நீர்த்தேக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"இன்றைக்கும் பஸ்ஸா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. மேல் லயத்துக்கு ஏது பஸ். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் நிதானமாகத்தான் பேசினார், ஷாமிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எனக்குச் சொன்னாள். "தப்பு என்னுடையது. அவர்களுக்கே எவ்வளவோ பாரம் இருக்கிறது. குரல் கொடுங்கள் என்று கேட்க வந்தவள், என் பிள்ளையின் சாவைக் கொண்டுபோய் அவர்கள் மடியில் போட்டுவிட்டேன். இதுவரைக்கும் எந்த மேடையிலும் சல்மாவின் பெயரைச் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னேன். இனிமேல் சொல்லமாட்டேன். நாளைக் காலை ரயிலில் என்னை ஏற்றிவிடுங்கள். டிக்கோயாவுக்கும் லிந்துலைக்கும் எனக்குச் சுகமில்லை என்று சொல்லிவிடுங்கள்."

கூட்டங்கள் நின்றுபோவது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கூட்டம் இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரை இனிச் சொல்லமாட்டேன் என்கிறாள், அதுவும் எங்கள் ஊரில் வைத்து. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த நினைப்போடு அவர் ரயில் ஏறினால் எங்களை நாங்களே மன்னிக்க முடியாது. மீனம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. "வரட்டும், அண்டா வாங்கக் கடைக்கு வராமலா போவா" என்று போனிடம் திட்டினேன். அன்று நானும் அங்கேயே தங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விஜேந்திரன் வேனைக் கொண்டுவந்தான். ஹனானின் பை வாசலில் கட்டி வைத்திருந்தது. ஷாமிலா அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். விஜேந்திரன் பையைத் தூக்கவில்லை, என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அக்கா, மேல் லயத்துல நேத்து ஏதும் விசேஷமா? அந்திக்குக் கதிரையத் திருப்பிக் குடுக்கப் போனேன். பொம்பளைங்க யாரும் வீட்டுக்குள்ளயே போகல. எல்லாரும் தண்ணி விழுற பீலிக்கரையில நின்னு தலையோட தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காங்க. அந்தக் குளுர்ல. மீனம்மா அக்காவும்தான். பல்லு கிட்டிக்கிட்டு நிக்குறாங்க. என்னான்னு கேட்டா பதிலும் இல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பொழுது சாய்கிற நேரத்தில், மஸ்கெலியாக் குளிரில், ஒரு லயமே ஒன்றாகத் தலை முழுகுகிறதென்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். சாவு கேட்டவர்கள் தலை முழுகாமல் தங்கள் வாசல்படியை மிதிக்கமாட்டார்கள். எழவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. போயிட்டு வாறேன் என்று சொல்லிக்கொண்டு புறப்படுவதும் இல்லை. அப்படிச் சொன்னால் இதேபோல இன்னொரு துக்கத்துக்கும் வருவேன் என்று ஆகிவிடும். இருந்துவிட்டு, எழுந்து, பேசாமல் போவார்கள். பிறந்ததிலிருந்து நான் செய்துவருகிற காரியம் இது. ஆனால் பேனர் கட்டி, மைக் வைத்து, வடை சுட்டு வைத்திருந்த மண்டபத்தை நான் எங்கே எழவு வீடு என்று நினைத்தேன்.

"வேன நிப்பாட்டுடா தம்பி" என்றேன்.

"நிப்பாட்டித்தானே அக்கா இருக்கு" என்றான் அவன்.

அதற்குள் ரோட்டுத் திருப்பத்தில் அவர்கள் வருவது தெரிந்தது. முன்னால் மீனம்மா, தலையில் சோற்றுச் சட்டி. பின்னால் ஒருத்தி கையில் வாளி, ஒருத்தி கையில் பிளாஸ்க், ஒருத்தி இடுப்பில் வாழையிலை. ஷாமிலா எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடி, "வாங்..." என்று தொடங்கினாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் விளங்கியது, அப்படியே கதவோடு சாய்ந்துவிட்டாள்.

மீனம்மா யாரையும் பார்க்கவில்லை. நேரே குசினிக்குள் போனாள். சட்டியை இறக்கி வைத்தாள். கொதித்துக்கொண்டிருந்த கேத்தலைப் பார்த்தாள், அடுப்பை அணைத்தாள்.

"எழவு வீட்டுல அடுப்பு எரியக் கூடாது டீச்சர்."

"இது எங்க வீடு அக்கா" என்றாள் ஷாமிலா, பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல்.

"அந்தப் புள்ளைக்கு இப்ப வேற வீடு எது?"

என் வாய் சும்மா இருக்குமா. "ஏன் மீனம்மா, போன எடுத்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அந்தப் பொம்பள பைய கட்டிக்கிட்டு நிக்குது, நீங்கள்லாம் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்கன்னு."

மீனம்மா திகைத்துப்போய்ப் பார்த்தாள். "நாங்க ஏன் கோவிக்கிறோம்? தலை முழுகிட்டு நின்னோம்க்கா, அப்பறம் சமைக்கிற வேல. போனு கூடைக்குள்ள கெடந்துச்சு. எழவு வீட்டுல என்னான்னு சொல்லிட்டுப் போறது? ஒங்க கடையில சட்டி வாங்கிட்டுப் போற மாதிரி, சரிக்கா வாறேன்னு சொல்லிட்டா போறது?"

"வடையக்கூடத் தொடல."

"எண்ணெயில பொரிச்சத அங்க நின்னு யாரு தின்னுவா? நீங்களே தின்னுவீங்களா?"

"அது நடந்து எத்தனையோ நாளாச்சு அக்கா" என்றாள் ஷாமிலா மெதுவாக.

"நமக்கு நேத்துத்தானே சேதி வந்துச்சு" என்றாள் மீனம்மா.

ஹனான் வாசலில் பைக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் விளங்காத முகம். ஷாமிலா அவரிடம் போனாள். தலை முழுகியது, சொல்லாமல் போனது, அடுப்பை அணைத்தது, சோறு கொண்டுவந்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஹனான் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு ஏதோ சொன்னார். ஷாமிலா எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள்.

"அவங்க ஊர்லயும் இப்படித்தானாம். ஒரு வீட்டுல சாவுன்னா அந்த வீட்டு அடுப்ப அயலவங்க பத்தவைக்க விடமாட்டாங்களாம். சோறு அடுத்த வீட்டுல இருந்துதான் வருமாம். அப்படிக் கொண்டு வர வேண்டியவங்க எல்லாம் சல்மாவோடயே போயிட்டாங்கன்னு சொல்றாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்தச் சோறு வரலன்னு சொல்றாங்க."

மீனம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வெளியே வந்தாள். "நேத்தே கட்டிப் புடிச்சிருப்பேன். வெளிநாட்டுப் பொம்பள, என்னா நெனைப்பாங்களோன்னு வந்துட்டேன்" என்றாள். ஹனானின் தோளில் கையைப் போட்டுக் கீழே உட்காரவைத்தாள். மற்றப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். மீனம்மா, "சல்மா, என்னப் பெத்தவளே" என்று குரல் எடுத்தாள். லயத்தில் ஒரு பிள்ளை போனால் எப்படி அழுவாளோ அப்படி, கொஞ்சமும் குறைக்காமல் அழுதாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹனான் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எங்களுக்குத் தெரியாத பாஷையில் என்னென்னவோ சொல்லி அழுதார். அதற்குள்ளே சல்மா, சல்மா என்ற ஒரு சொல் மட்டும் எங்களுக்குக் கேட்டது. அதை ஷாமிலா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நானும் உட்கார்ந்து அழுதேன், வெட்கப்படவில்லை.

அழுகை ஓய்ந்ததும் முகம் கழுவக் கொடுத்தார்கள். இலை போட்டார்கள். வெறும் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம். முதல் கவளத்தை மீனம்மா பிசைந்து ஹனானின் கையில் வைத்தாள். அவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காலை ரயில் போயிருக்கும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

முடிந்ததும் மீனம்மா சட்டிகளை எடுத்துக்கொண்டு, முந்தின நாள் போலவே ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி நடந்தாள். மற்றவர்களும் போனார்கள். ஹனான் என்னைப் பார்த்தார். இந்த முறை பஸ்ஸா என்று கேட்கவில்லை. விஜேந்திரன் பையைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தான்.

டிக்கோயாக் கூட்டம் நடந்தது, அடுத்த சனிக்கிழமை லிந்துலைக் கூட்டமும் நடந்தது. இரண்டு இடத்திலும் ஹனான் மகளின் பெயரைச் சொன்னார். அவள் என்ன பாட்டுப் பாடுவாள், எந்தச் சாப்பாட்டுக்கு அடம்பிடிப்பாள் என்றுகூடச் சொன்னார். லிந்துலையில் கூட்டம் தொடங்குமுன் ஷாமிலாவோடு என்னிடம் வந்து, "இன்றைக்கு உங்கள் நன்றியுரையை எனக்குத் தருவீர்களா?" என்று கேட்டார். நன்றியுரையை என்னிடம் யாரும் கேட்டு வாங்கியதில்லை. நான் என்ன, தரமாட்டேன் என்றா சொல்வேன்.

"சாவு வீட்டுக்கு வந்து எல்லாம் செய்தவர்களுக்கு உங்கள் ஊரில் எப்படி நன்றி சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

"சொல்லமாட்டோம். காரியம் முடிஞ்சதும் வீட்டு ஆளுங்க எதிர நின்னு கையெடுத்துக் கும்பிடுவாங்க, அவ்வளவுதான்" என்றேன்.

அவர் மேடையேறினார். மீனம்மா என்றார், மஸ்கெலியாவிலிருந்து வந்திருந்த அவள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். ஷாமிலா என்றார், விஜேந்திரன் என்றார், அழகம்மை என்றார். நாகலிங்கம் என்றும் சொல்லிக் கும்பிட்டார், அந்த மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சபை முழுவதையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அதுதான் முழு நன்றியுரையும். என் ஆயுசில் அவ்வளவு நல்ல நன்றியுரை நான் கேட்டதில்லை.

என் நன்றியுரையை அன்றைக்கு விட்டுக்கொடுத்துவிட்டதால், சொல்ல நினைத்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். ஷாமிலா, எந்தச் சொல்லையும் மறைக்காமல் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தாயே, அதற்கு நன்றி. விஜேந்திரன் தம்பி, நீ கதிரையைத் திருப்பிக் கொடுக்கப் போகாமல் இருந்திருந்தால், பீலிக்கரையைப் பார்த்ததைச் சொல்லாமல் இருந்திருந்தால், என் வாய் அன்று காலையில் என்னவெல்லாம் பேசியிருக்குமோ. நாகலிங்கம் ஐயா, உங்களுக்கும் நன்றி, அடுத்த தடவை முதலாம் உலகப் போரிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மீனம்மா, உனக்கு நான் என்ன சொல்ல. ஆள் கூட்டிட்டு வாறேன் என்றாய். ஊர் உலகத்தில் யாரும் இல்லாதவளுக்கு ஒரு அயல் வீட்டையே கூட்டிக்கொண்டு வந்தாய்.

லிந்துலைக் கூட்டத்துக்கு மறுநாள் ஞாயிறு. ஹட்டன் ஸ்டேஷனுக்கு எல்லாரும் வந்திருந்தோம். மேல் லயத்துப் பெண்களை விஜேந்திரன் வேன் நிறைய ஏற்றிவந்திருந்தான். ஆனால் எப்படி வழியனுப்புவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்வதில்லை, துக்கக்காரியையே வழியனுப்பினால் என்ன சொல்வது? மீனம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றாள்.

ரயில் வந்தது. ஹனான் ஏறினார். கதவோரம் நின்று திரும்பினார். ஷாமிலாவிடம் கேட்டுப் பழகியிருக்க வேண்டும், மீனம்மாவைப் பார்த்துத் தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"போயிட்டு வாறேன்."

எனக்குத் திக்கென்றது. பெண்கள் எல்லாரும் மீனம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். இன்னும் எழவு வீடுதான் என்றால் அந்தச் சொல்லுக்குப் பதில் கிடையாது, அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட வேண்டும். மீனம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கதவருகே போனாள், ஹனானின் கையைப் பிடித்தாள்.

"போயிட்டு வாங்க" என்றாள். "தை மாசம் எம்மக கலியாணம். அதுக்கு வந்துருங்க."

ஷாமிலா அதைச் சொல்லி முடிக்குமுன்னே ரயில் நகர்ந்துவிட்டது. ஹனான் கேட்டாரா, விளங்கியதா, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். வளைவில் கடைசிப் பெட்டி மறையும்வரைக்கும் நாங்கள் எல்லாரும் அங்கேயே நின்றோம். ஒருவரும் பஸ்ஸுக்கு ஓடவில்லை.